செவிவழி வந்தது சான்றாகுமா? தொல்குடிகளின் வாய்மொழி மரபும் வரலாறும்

1861ஆம் ஆண்டு, இன்றைய கனடாவின் வடகிழக்கு மூலையில் உள்ள பாஃபின் தீவில், சார்லஸ் ஃபிரான்சிஸ் ஹால் என்ற அமெரிக்கர் இனூயிட் மூதாட்டி ஒருவரிடம் பழைய செய்தி கேட்டுக்கொண்டிருந்தார். டூகூலிட்டோ என்ற இனூயிட் பெண் மொழிபெயர்த்துச் சொல்ல, அவர் எழுதிக்கொண்டார். முன்னொரு காலத்தில் வெள்ளையர்கள் கப்பலில் வந்தார்கள் என்றார் மூதாட்டி. முதலில் இரண்டு கப்பல், அடுத்து இரண்டோ மூன்றோ, அதற்கடுத்துப் பல, மிகப் பல. கடைசியில் ஐந்து பேர் மட்டும் கரையில் தங்கிப்போனார்கள் என்றும், தம் மக்களோடு குளிர்காலத்தைக் கழித்த பிறகு அவர்கள் ஒரு சிறு தீவின் பள்ளத்தில் மரக்கலம் கட்டிக் கடலில் இறங்கினார்கள் என்றும், எலூஜுவார்ங் என்ற தலைவர் அவர்கள் விரைந்து ஊர் சேரவேண்டும் என்று பாட்டுக் கட்டிப் பாடினார் என்றும் கதை நீண்டது.

அது மார்ட்டின் ஃபுரோபிஷரின் பயணங்களைப் பற்றிய நினைவு என்பதை ஹால் கண்டுகொண்டார். இங்கிலாந்திலிருந்து ஃபுரோபிஷர் 1576, 1577, 1578 ஆகிய மூன்று கோடைகளில் அந்தக் கரைக்கு வந்தவர். பொன் என்று நம்பி ஆயிரம் டன்னுக்கு மேல் பாறையை வெட்டி ஏற்றிச் சென்று, அது ஒன்றுக்கும் உதவாத கல் என்று தெரிந்து பெயர் கெட்டவர். இரண்டாம் பயணத்தில் அவரோடு வந்த கப்பல்கள் மூன்று, மூன்றாம் பயணத்தில் பதினைந்து. முதல் பயணத்தில் ஆங்கிலேயர் ஐவர் படகில் கரைக்குப் போய்த் திரும்பவே இல்லை. மூதாட்டி சொன்ன தீவில் ஹால் தேடியபோது வெட்டிய பள்ளங்களும் நிலக்கரித் துண்டுகளும் ஓட்டுச் சில்லுகளும் கிடைத்தன. நிகழ்ச்சிக்கும் அதை அவர் கேட்டதற்கும் இடையே 280 ஆண்டுகளுக்கு மேல் கடந்திருந்தன. அத்தனை ஆண்டுகளும் அதைச் சுமந்து வந்தவை மனிதர்களின் நாக்கும் செவியும் மட்டுமே.

இந்தக் கதை வாய்மொழி மரபை மெச்சுவதற்காக அடிக்கடி எடுத்துச் சொல்லப்படுகிறது. ஆனால் அதை இன்னும் நெருங்கிப் பார்க்கவேண்டும். முதல் ஆண்டில் இரண்டு கப்பல்கள் என்பது சரியில்லை. 1576இல் அந்த வளைகுடாவை எட்டியது ஒரே கப்பல். ஐவரின் கதியைப் பற்றி இரு மரபுகளும் முரண்படுகின்றன. அவர்கள் பிடித்துவைக்கப்பட்டார்கள் என்று ஆங்கிலேயர் எழுதினார்கள். அவர்களைத் தம் மக்கள் காத்தார்கள் என்று இனூயிட் மரபு சொல்கிறது. இதில் எது நடந்தது என்று தீர்ப்பளிக்க எவரிடமும் மூன்றாவது சான்று இல்லை. அதே சமயம், எழுத்தை வைத்திருந்த ஐரோப்பியர்கள் இடத்தையே தொலைத்திருந்தார்கள் என்பதையும் கவனிக்கவேண்டும். ஃபுரோபிஷரின் ‘நீரிணை’யை அவர்களுடைய வரைபடங்கள் நெடுங்காலம் கிரீன்லாந்தின் தெற்கில் காட்டிவந்தன, அது பாஃபின் தீவில் உள்ள ஒரு வளைகுடா என்று நிறுவியவர் ஹால்தான். எழுத்து ஆண்டைக் காத்து இடத்தைக் கைவிட்டது. வாய்மொழி இடத்தையும் நிகழ்ச்சிகளின் வரிசையையும் காத்து ஆண்டைக் கைவிட்டது. தொல்குடிகளின் வாய்மொழி மரபை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளலாமா என்ற நெடிய வாதத்தில் பெரும்பாலும் தவறவிடப்படும் புள்ளி இதுவே. ‘உண்மையா, பொய்யா’ என்று கேட்பதற்கு முன், ஒரு சமூகம் எதைக் காப்பதற்காக அந்தச் சொல்லைக் காத்தது, அதற்கு யாரைக் காவல் வைத்தது என்று கேட்கவேண்டும்.

வரலாற்றாசிரியர்கள் இந்தக் கேள்விக்கு வந்துசேர வெகுநாள் ஆயிற்று. 1915இல் அமெரிக்க மானிடவியலாளர் ராபர்ட் லோவி, வாய்மொழி மரபுகளுக்கு எந்தச் சூழலிலும் எந்த வரலாற்று மதிப்பும் தரமுடியாது என்று ஒரே வரியில் கதவைச் சாத்தினார். அவர் தொல்குடிகளை இகழ்ந்தவர் அல்லர், அவர்களிடையே ஆண்டுக்கணக்கில் பணியாற்றியவர். தொன்மத்தை வரலாறாகப் படிக்கும் அவசரக்காரர்களைத் தடுக்க நினைத்தார். ஆனால் அந்த வரி ஒரு துறையின் பொதுப் பழக்கமாகிவிட்டது. தமிழிலும் ‘கர்ண பரம்பரைக் கதை’, ‘செவிவழிச் செய்தி’ என்று சொல்லும்போது குரலில் ஒரு தள்ளுபடி தொனிக்கத்தான் செய்கிறது. இத்தனைக்கும் ‘கேள்வி’ என்ற நம் சொல்லுக்கே, கேட்டுப் பெற்ற அறிவு என்பது பழைய பொருள்.

கதவை மீண்டும் திறந்தவர்களில் முதன்மையானவர் பெல்ஜியத்தைச் சேர்ந்த யான் வான்சினா. ஐரோப்பிய இடைக்கால வரலாற்றில் பயிற்சி பெற்ற அவர், 1950களில் காங்கோவின் குபா மக்களிடையே பணியாற்றினார். ஓலையோ தோலோ எதுவானாலும் ஒரு பழைய ஆவணத்தைக் கையில் எடுக்கும் ஆய்வாளர் அதை யார் எழுதினார், எந்தப் பிரதியிலிருந்து எழுதினார், யாருக்காக எழுதினார் என்று கேட்பதைப் போலவே, வாயால் சொல்லப்படுவதையும் அதன் கைமாற்றச் சங்கிலியை வைத்துச் சோதிக்கமுடியும் என்பது அவர் 1961இல் பிரெஞ்சில் வெளியிட்ட நூலின் வாதம். நேரில் கண்டவரோ பங்கேற்றவரோ தாமே சொல்வதையும், அவர் காலம் முடிந்த பிறகு தலைமுறை தாண்டி வருவதையும் அவர் பிரித்துக்காட்டினார். முன்னது வாய்மொழி வரலாறு, பின்னது வாய்மொழி மரபு. இரண்டையும் ஒன்றாகக் குழப்புவது இன்றும் நடக்கிறது.

கைமாற்றச் சங்கிலி என்பது எப்படி இருக்கும் என்று பார்ப்பதற்கு, கனடாவின் பசிபிக் கரையை ஒட்டிய ஸ்கீனா ஆற்றுப் படுகையில் வாழும் கிட்சான் மக்கள் நல்ல எடுத்துக்காட்டு. அவர்களுடைய சமூகம் ‘வீடுகள்’ எனப்படும் தாய்வழிக் குழுக்களால் ஆனது. ஒவ்வொரு வீட்டுக்கும் ‘அடாவ்க்’ என்ற வரலாறு உண்டு. அந்த வீட்டின் முன்னோர் எங்கிருந்து வந்தார்கள், எந்த மலைமுகட்டிலிருந்து எந்த ஓடை வரை அவர்களுடைய நிலம், எந்தச் சின்னமும் எந்தப் பெயரும் எந்தப் பாட்டும் எந்த நிகழ்ச்சியால் அவர்களுக்கு வந்தன என்பதை அது சொல்லும். அதைச் சொல்லும் உரிமை அந்த வீட்டுக்கு மட்டுமே உரியது; அடுத்த வீட்டுக்காரர் அனுமதியின்றிச் சொன்னால் அது அத்துமீறல். தலைவர் ஒருவர் இறந்து, அவருடைய பெயரை இன்னொருவர் ஏற்கும்போது விருந்து நடக்கும். மற்ற வீடுகளின் தலைவர்கள் கூடியிருக்க, எல்லைகளும் உரிமைகளும் அங்கே எடுத்துரைக்கப்படும். விருந்தினருக்குப் பரிசு கொடுப்பது வெறும் உபசாரம் அன்று, கேட்டுச் சாட்சியாக இருந்ததற்கான கைம்மாறு. சொன்னது தவறென்றால் மறுத்துச் சொல்லவேண்டிய இடம் அதுதான். பரிசை வாங்கிக்கொண்டு பேசாமல் எழுந்துபோனவர், பிறகு எல்லைத் தகராறு செய்யமுடியாது. பத்திரப்பதிவு அலுவலகம் ஒன்று தாளும் மையும் இல்லாமல் நடந்துகொண்டிருந்தது என்றே சொல்லலாம்.

ஆஸ்திரேலியாவில் காவல் முறை வேறு. அங்கே சில மக்களிடையே தந்தை தன் நிலத்தின் கதைகளை மகனுக்குக் கற்பிக்கிறார். மகன் அவற்றைப் பிழையின்றிக் கற்றிருக்கிறானா என்று பார்க்கும் பொறுப்பு, அவனுடைய சகோதரியின் பிள்ளைகளைப் போன்ற குறிப்பிட்ட உறவினர்களுக்கு உண்டு. மூன்று தலைமுறையினர் ஒருவர் சொல்வதை ஒருவர் திருத்திக்கொண்டே இருப்பதால் தனி ஒருவரின் மறதியோ கற்பனையோ எளிதில் நிலைக்காது. கதைகள் நிலத்தோடு கட்டப்பட்டும் இருக்கின்றன. இந்தப் பாறை, அந்த நீர்க்குழி என்று நடந்துகொண்டே சொல்லப்படும் கதையில் ஓரிடத்தை விட்டுவிட்டால் கேட்பவருக்கு அது உடனே தெரிந்துவிடும். வட அமெரிக்காவின் லகோட்டா மக்கள் ஆண்டுக்கொரு நிகழ்ச்சியைத் தோலில் படமாக வரைந்து, அந்தப் படத்தைத் தொட்டுத் தொட்டுச் சொல்லும் ‘குளிர்காலக் கணக்கு’களை வைத்திருந்தார்கள். 1833 நவம்பரில் வானம் முழுவதும் எரிமீன்கள் கொட்டியதை அவர்களுடைய பல கணக்குகள் ஒரே ஆண்டில் குறிக்கின்றன. அந்த ஒரு முளையை வைத்து மற்ற ஆண்டுகளையும் நம் நாட்காட்டிக்குள் கொண்டுவந்துவிடமுடிகிறது.

இத்தகைய காவல் முறை இருக்கும்போது, சொல் எவ்வளவு காலம் தாங்கும்? இதற்கு விடை சொல்லத் தொடங்கியவர்கள் வரலாற்றாசிரியர்கள் அல்லர், நிலவியலாளர்கள். வட அமெரிக்காவின் மேற்குக் கரையை ஒட்டி, வான்கூவர் தீவிலிருந்து வட கலிஃபோர்னியா வரை சுமார் 1,000 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலுக்கடியில் ஒரு நிலத்தட்டு இன்னொன்றின் கீழே நுழைந்துகொண்டிருக்கிறது. 1980களின் தொடக்கம் வரை, அது பெரிய நிலநடுக்கம் எதையும் உண்டாக்காமல் வழுக்கிச் செல்கிறது என்றே பலர் எண்ணினார்கள். ஐரோப்பியர் வந்தபின் எழுதப்பட்ட பதிவுகளில் அப்படி ஒன்று இல்லை என்பது அவர்களுக்குப் போதுமான ஆதாரமாக இருந்தது. ஆனால் ஜேம்ஸ் ஸ்வான் என்ற குடியேறி, 1864இல், இன்றைய வாஷிங்டன் மாநிலக் கரையில் வாழும் மக்கா என்ற தொல்குடியினரில் ஒருவரிடம் கேட்டதை எழுதிவைத்திருந்தார். ‘மிகப் பழங்காலம் என்று சொல்லமுடியாத’ ஒரு நாளில், நியா வளைகுடாவிலிருந்து கடல்நீர் புல்வெளியின் குறுக்கே ஏறி வந்து முனையைத் தீவாக்கியது; பின்பு வற்றி வளைகுடா நான்கு நாள் காய்ந்து கிடந்தது; மீண்டும் அலையின்றி ஏறியது; படகுகள் மரங்களில் மாட்டிக்கொண்டன, பல உயிர்கள் போயின. 1985இல் நிலவியலாளர் இருவர் இந்தக் குறிப்பை எடுத்துக்காட்டி, இது ஆழிப்பேரலையாக இருக்கலாம் என்று எழுதினார்கள். 1987இல் பிரையன் அட்வாட்டர், அந்த மாநிலத்தின் கரையோரச் சதுப்புகளில் புல்தரை திடீரென்று அமிழ்ந்து அதன்மேல் கடல்மணல் படிந்திருப்பதைச் சான்றுகளுடன் வெளியிட்டார்.

பிறகு நாள் கிடைத்தது. கோப்பாலிஸ் ஆற்றங்கரையில் பட்ட மரங்களாக நிற்கும் செந்தேவதாருக்களின் வேர்களில் ஆண்டு வளையங்களை எண்ணியபோது, அவை 1699 ஆகஸ்டுக்கும் 1700 மே மாதத்துக்கும் இடையில் செத்தன என்று தெரிந்தது. பசிபிக்கின் மறுகரையில், ஜப்பானியக் கடலோர ஊர்களின் ஏடுகள் 1700 ஜனவரியில் நிலம் அசையாமலே வந்த ஓர் ஆழிப்பேரலையைக் குறித்துவைத்திருந்தன. அலை பெருங்கடலைக் கடக்க எடுக்கும் நேரத்தைக் கழித்துப் பார்த்து, 1700 ஜனவரி 26 இரவு சுமார் 9 மணி என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள்; நடுக்கத்தின் அளவு 9ஐ ஒட்டியது. வான்கூவர் தீவின் பச்சேனா வளைகுடாவில் வாழும் ஹூ-ஐ-ஆட் மக்களின் தலைவர் லூயி நூக்கிமஸ் 1964இல் சொல்லிவைத்த கதை இந்தக் கணக்குகள் எதற்கும் முந்தியது. நிலம் அதிர்ந்தது இரவில், மக்கள் படுத்துவிட்ட நேரத்தில். சிறிது நேரத்தில் அலை வந்தது. தாழ்ந்த கரையில் இருந்தவர்கள் ஒருவரும் தப்பவில்லை. மாசிட் என்ற உயரமான இடத்தில் வீடு கட்டியிருந்தவர்கள் பிழைத்தார்கள். மரத்தின் வளையமும் ஜப்பானிய எழுத்தரின் ஏடும் சேர்ந்து எட்டிய ‘இரவு’ என்ற முடிவு, அந்தக் கதையில் முதல் செய்தியாகவே இருந்தது. யார் செத்தார்கள், யார் பிழைத்தார்கள், ஏன் என்பதை வளையமும் ஏடும் சொல்லவே இல்லை.

இந்தோனேசியாவின் சிமெலு தீவில் நடந்தது இதன் மறுபக்கம். 1907இல் அங்கே வந்த பேரலையைப் பற்றிய நினைவு ‘ஸ்மோங்’ என்ற ஒற்றைச் சொல்லிலும், பாட்டிகள் பாடும் பாடல்களிலும் தங்கியிருந்தது. பலமாக நிலம் அதிர்ந்து கடல் உள்வாங்கினால் மேட்டுக்கு ஓடு என்பதே அதன் சாரம். 2004 டிசம்பர் 26 அன்று, நடுக்கத்தின் மையத்துக்கு மிக அருகில் இருந்தும், சுமார் 78,000 பேர் வாழ்ந்த அத்தீவில் அலைக்கு இறந்தவர்கள் ஏழு பேர்தான்.

முன்னூறு ஆண்டு என்பதை ஏற்பதில் இன்று பெரிய தயக்கம் இல்லை. ஏழாயிரம் ஆண்டு என்றால்தான் புருவம் உயர்கிறது. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில், இன்று மசாமா என்று வழங்கும் எரிமலை சுமார் 7,700 ஆண்டுகளுக்கு முன் வெடித்துத் தன்னுள்ளேயே இடிந்து விழுந்தது. அந்தக் குழியில் நிறைந்த ஏரியின் ஆழம் 590 மீட்டருக்கு மேல். கீழுலகின் தலைவன் லாவோவும் மேலுலகின் தலைவன் ஸ்கெல்லும் நெருப்பும் கல்லும் வீசிப் போரிட்டார்கள் என்றும், தோற்ற லாவோவின் மேல் மலையே இடிந்து விழ, குழியில் நீர் நிறைந்தது என்றும் க்ளாமத் மக்கள் சொல்கிறார்கள். வெடிப்பின்போது அங்கே மனிதர்கள் இருந்தார்கள் என்பதில் ஐயமில்லை. 1938இல் ஃபோர்ட் ராக் குகையில் எரிமலைச் சாம்பல் அடுக்குக்குக் கீழே, காட்டுச்செடி நாரில் பின்னிய காலணிகள் பல கிடைத்தன. அவற்றின் வயது 9,000 ஆண்டுகளுக்கு மேல். இருந்தாலும் கதை 1865இல் கேட்கப்பட்டுப் பல பத்தாண்டுகளுக்குப் பிறகே பரவலாக அச்சுக்கு வந்தது என்பதால், இடையில் வேறு பேச்சுகள் கலந்திருக்க வழியுண்டு என்ற ஐயத்தையும் கணக்கில் கொள்ளவேண்டும்.

ஆஸ்திரேலியாவில் பேட்ரிக் நன், நிக்கோலஸ் ரீட் என்ற இருவர் கடல் ஏறி நிலத்தை விழுங்கியதைப் பற்றிய கதைகளைக் கரை முழுவதும் 21 இடங்களிலிருந்து திரட்டி 2016இல் வெளியிட்டார்கள். பனியுகத்தின் உச்சத்துக்குப் பிறகு சுமார் 120 மீட்டர் உயர்ந்த கடல், ஏறத்தாழ 7,000 ஆண்டுகளுக்கு முன் இன்றைய மட்டத்தை எட்டிவிட்டது. ஆகவே அந்தக் கதைகள் கண்ட காட்சியிலிருந்து பிறந்தவை என்றால் அவற்றின் வயதும் அவ்வளவு இருக்கவேண்டும் என்பது அவர்கள் வாதம். ஒன்றையொன்று அறியாத 21 இடங்களில் ஒரே வகைச் செய்தி என்பது வலுவான வாதம்தான். என்றாலும் ஒவ்வொரு கதைக்கும் தனியே கணக்குப் பார்க்கவேண்டும் என்பதற்கு மெல்பர்ன் நகரை ஒட்டிய போர்ட் ஃபிலிப் விரிகுடா சாட்சி. அது ஒருகாலத்தில் கங்காரு வேட்டையாடிய வெளி என்று அங்கத்திய மக்கள் சொன்னதை 1858இல் ஒரு விசாரணைக் குழு பதிவு செய்தது. பனியுகத்து நினைவு என்று அதை உடனே சொல்லிவிடத் தோன்றும். ஆனால் விரிகுடாவின் வாய் மணலால் அடைபட்டு, சுமார் 2,800 ஆண்டுகளுக்கு முன்பிருந்து சுமார் 1,000 ஆண்டுகளுக்கு முன்புவரை அது பெரிதும் வற்றிக் கிடந்து, பிறகு மீண்டும் கடல் புகுந்தது என்று அடிமண் ஆய்வு காட்டுகிறது. கதை பொய்யாகவில்லை, அதன் வயதுதான் குறைகிறது. பெரிய எண்ணைக் கண்டதும் மயங்கிவிடுவது, லோவியின் ஒற்றை வரியைப் போலவே ஆராய்ச்சியின்மைதான்.

காவல் முறை என்பது எப்போதும் மாறாமல் காக்கும் முறை என்று பொருள் அன்று. இதை ஆப்பிரிக்காவின் வட கானாவில் கொஞ்சா அரசைப் பற்றிய குறிப்பு தெளிவாக்குகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரித்தானியர்கள் கேட்டபோது, அரசை நிறுவிய ஜக்பாவுக்கு ஏழு மகன்கள் என்றும், ஒவ்வொருவரும் ஒரு பிரிவை ஆண்டார்கள் என்றும் சொல்லப்பட்டது; அப்போது பிரிவுகள் ஏழு. பின்னர் எல்லைகள் மாறி இரண்டு பிரிவுகள் இல்லாமற்போயின. அறுபது ஆண்டு கழித்து மீண்டும் கேட்டபோது ஜக்பாவுக்கு மகன்கள் ஐவர்தான். யாரும் திட்டமிட்டுப் பொய் சொல்லவில்லை. இன்று எந்தப் பிரிவுக்கு அரசுரிமை உண்டு என்பதைச் சொல்வதற்காகவே அந்த வமிசாவளி இருந்தது. உரிமை மறைந்தபோது மகனும் மறைந்தான். ஜாக் கூடி, இயன் வாட் என்ற இருவர் 1963இல் இதை எடுத்துக்காட்டி, வாய்மொழிச் சமூகங்களின் கடந்தகாலம் அவற்றின் நிகழ்காலத்தின் சாயல் என்ற அளவுக்குப் போனார்கள். அது மிகைக் கூற்று என்று எனக்குப் படுகிறது. வமிசாவளிக்கு இது பொருந்தும். பச்சேனா வளைகுடாவின் மரணங்களுக்குப் பொருந்தாது. ஏழு ஐந்தாவதும், மாசிட் மேட்டு வீடுகள் முந்நூறு ஆண்டு நினைவில் நிற்பதும் ஒரே காரணத்தால்தான்: சொல்பவர்களுக்கு அது எதற்குத் தேவையோ அதற்கேற்பச் சொல் தங்குகிறது. வான்சினா கண்ட இன்னொரு ஒழுங்கும் இதோடு சேர்ந்தது. தோற்றக் காலத்தைப் பற்றி நிறையச் செய்தி, அண்மைக் காலத்தைப் பற்றி நிறையச் செய்தி, நடுவே மெலிந்த ஓர் இடைவெளி. தலைமுறைகள் நகர நகர அந்த இடைவெளியும் கூடவே நகர்கிறது. அரசர் பட்டியலில் இருபது பெயர் இருந்தால், ஒரு பெயருக்கு இருபத்தைந்து ஆண்டு என்று பெருக்கி நிறுவிய ஆண்டைக் கண்டுபிடிக்கும் கணக்கு இதனால்தான் பல இடங்களில் தோற்றுப்போனது.

சொன்னவர் சரியாகச் சொல்லியிருந்தும் கேட்டவர் கெடுத்த கதைகளும் உண்டு. ஹால் உண்மையில் தேடிப்போனது ஜான் ஃபிராங்ளினின் பயணத்தை. 1845இல் ஆர்க்டிக் வழியே பாதை தேடிச் சென்ற இரண்டு கப்பல்களும் 129 பேரும் திரும்பவில்லை. 1854இல் ஜான் ரே என்பவர் இனூயிட் மக்களிடம் கேட்டறிந்து, அவர்கள் பட்டினியால் மடிந்தார்கள், கடைசியில் இறந்தவர்களின் உடலையே உண்டார்கள் என்று லண்டனுக்குத் தெரிவித்தார். பிரித்தானியக் கடற்படையினர் அப்படிச் செய்திருக்கமாட்டார்கள் என்று நாவலாசிரியர் சார்ல்ஸ் டிக்கன்ஸ் தம் இதழில் எழுதி, பழியை இனூயிட் மக்கள் மேலேயே திருப்பினார். 1990களில் கிங் வில்லியம் தீவில் கிடைத்த எலும்புகளில் கத்தி வெட்டுத் தடங்கள் இருப்பதை ஆய்வாளர்கள் காட்டினார்கள். 2024இல் அத்தகைய தடங்களுள்ள ஒரு தாடை எலும்பு, மரபணுச் சோதனையில் கேப்டன் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸுடையது என்று உறுதியானது. கப்பல்களில் ஒன்று தெற்கே உட்ஜுலிக் என்ற பகுதியில் மூழ்கியது என்றும், நீருக்கு மேலே பாய்மரங்கள் தெரிந்தன என்றும், தாமே அதில் ஏறிப் பார்த்ததாகவும் புட்டூராக் என்ற முதியவர் 1879இல் சொல்லியிருந்தார். 2014இல் அந்த இரு கப்பல்களில் ஒன்றான ‘எரெபஸ்’ அந்தப் பகுதியில்தான், சுமார் 11 மீட்டர் ஆழத்தில் கிடந்தது. 160 ஆண்டு தேடலில் எழுதப்பட்ட கடிதங்களும் வரைபடங்களும் அலமாரி அலமாரியாகச் சேர்ந்தன. கேட்டெழுதிய சாட்சியங்கள் மட்டும் பின்னிணைப்பில் தூங்கின.

நூலகத்தில் தூங்கினால் வரலாறு தாமதமாகும், அவ்வளவுதான். நீதிமன்றத்தில் தூங்கினால் நிலம் போய்விடும். 1984இல் கிட்சான், வெட்சுவெட்டென் மக்களின் மரபுவழித் தலைவர்கள், சுமார் 58,000 சதுர கிலோமீட்டர் நிலம் தங்களுடையது என்று பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின்மேல் வழக்குத் தொடுத்தார்கள். ‘டெல்கமூக்’ என்பது அந்த வழக்கின் பெயராக நிலைத்தது. அது ஓர் ஆளின் பெயர் அன்று, ஒரு தலைமையின் பெயர். வழக்கு முடிவதற்குள் அதை ஒருவர் பின் ஒருவராக வெவ்வேறு மனிதர்கள் தாங்கினார்கள். செவிவழிச் சாட்சியம் செல்லாது என்பது ஆங்கிலேயச் சட்டத்தின் பழைய விதி. குறுக்கு விசாரணைக்கு நிறுத்தமுடியாதவரின் சொல்லை எப்படி ஏற்பது என்பது அதன் நியாயம். தலைவர்களோ தங்கள் நிலப்பத்திரம் அடாவ்க்தான் என்றார்கள். அன்ட்குலிலிபிக்ஸ் என்ற பெயரைத் தாங்கிய மேரி ஜான்சன், தம் வீட்டின் அடாவ்க்கைச் சொல்லிவந்து, அதில் வரும் ஒப்பாரியைப் பாடியாகவேண்டிய இடத்துக்கு வந்தார். நீதிபதி ஆலன் மெக்எக்கர்ன் தடுத்தார். பாட்டின் சொற்களை எழுதிக் கொடுத்தால் போதாதா, இது நீதிமன்ற விசாரணை அல்லவா என்றார். தமக்குத் ‘தகரக் காது’, தம்மிடம் பாடிப் பயனில்லை என்றும் சொன்னார். மேரி ஜான்சன் பாடினார். அந்தப் பாட்டைப் பாடத் தெரிவதும் பாட உரிமை இருப்பதுமே அந்த வீட்டாரின் உரிமைக்கான சான்று. எழுத்தில் கொடுத்தால் அது சான்றின் நகலாகத்தான் இருக்கும் என்பது அங்கே எவருக்கும் புரியவைக்க முடியாததாக இருந்தது.

தலைவர்கள் அறிவியலையும் துணைக்கு அழைத்தார்கள். ‘மெடீக்’ என்ற மாபெரும் கரடி ஏரியிலிருந்து கிளம்பி, மரங்களைச் சாய்த்துக்கொண்டு ஓடை வழியே இறங்கி மக்களைக் கொன்றதாக ஓர் அடாவ்க் உண்டு. அந்த ஏரிப் படுகையின் மண்ணை ஆராய்ந்தபோது, சுமார் 3,500 ஆண்டுகளுக்கு முன் பெரும் நிலச்சரிவு அங்கே பாய்ந்திருப்பது தெரிந்தது. நீதிபதி அசையவில்லை. 374 நாள் விசாரணைக்குப் பின் 1991இல் வழங்கிய தீர்ப்பில், தொல்குடிகளின் முற்கால வாழ்வைக் ‘கேவலமானது, மிருகத்தனமானது, குறுகியது’ என்ற பழைய ஆங்கிலத் தத்துவச் சொற்களாலேயே வருணித்து வழக்கைத் தள்ளினார்.

1997 டிசம்பர் 11 அன்று கனடாவின் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. தொல்குடிகளின் வாய்மொழி வரலாறுகளை எழுத்து ஆவணங்களுக்குச் சமமான நிலையில் வைத்துப் பார்க்கவேண்டும் என்று தலைமை நீதிபதி அந்தோனியோ லாமர் எழுதினார். இது எதைச் சொன்னாலும் ஏற்கும் அனுமதி அன்று. 2001இல் அக்வெசாஸ்னி மோகாக் மக்களின் வணிக உரிமை வழக்கில் அதே நீதிமன்றம், வாய்மொழிச் சான்றைக் குறைத்து மதிக்கவும் கூடாது, அது தாங்கக்கூடியதற்கு மேல் அதன்மேல் ஏற்றவும் கூடாது என்று சொல்லி உரிமையை மறுத்தது. 2014இல் சில்கோட்டின் மக்களின் வழக்கில், முதியோரின் சாட்சியங்களை மாதக்கணக்கில் கேட்ட விசாரணை நீதிபதியின் முடிவுகளை ஏற்று, 1,700 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில் அவர்களுக்கு உரிமை உண்டு என்று அறிவித்தது. கனடாவில் அப்படி ஓர் அறிவிப்பு அதுவே முதல்.

டெல்கமூக் வழக்குக்கு மறுவிசாரணை உத்தரவானது, ஆனால் அது நடக்கவே இல்லை. நடந்து முடிந்த விசாரணையின் எழுத்துப் பதிவு மட்டும் ஆயிரக்கணக்கான பக்கங்களாக இருக்கிறது. விருந்து மண்டபத்தில், உரியவர் வாயால், கேட்பதற்குப் பரிசு பெற்றவர்களின் முன்னால் மட்டுமே சொல்லப்பட்டுவந்த அடாவ்க்குகளை இன்று யார் வேண்டுமானாலும் யாரையும் கேட்காமல் புரட்டிப் படிக்கலாம். நீதிமன்றம் அதைச் சான்றாக ஏற்கவேண்டும் என்பதற்காகவே தலைவர்கள் அந்த விலையைக் கொடுத்தார்கள். இனி ஒரு பேத்தி தன் வீட்டின் வரலாற்றைச் சொல்லும்போது, அது பாட்டியிடம் கேட்டதா, தட்டச்சுப் பக்கத்தில் படித்ததா என்று வருங்கால ஆய்வாளர் கேட்கவேண்டியிருக்கும். அந்தப் பக்கத்திலோ, பாட்டு வரவேண்டிய இடத்தில் இருப்பது பாட்டு வேண்டாம் என்று சொன்ன நீதிபதியோடு நடந்த வாக்குவாதம்.